ஹோம் தியேட்டர் வாங்கியும் வசனம் புரியலையா? ஸ்டாண்டைக் கவனிங்க! குழந்தை இருக்கும் வீட்டில் உஷார்

பேகம்பூர்:-

ஆசை ஆசையாய் ஹோம் தியேட்டர் வாங்கி வைத்த பல வீடுகளில் கேட்கும் புலம்பல் ஒன்றுதான். "பாட்டு காதைக் கிழிக்குது. வசனம் வந்தா என்ன பேசுறாங்கன்னே புரியல." உடனே, செட் மட்டம், கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று முடிவு கட்டி விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் குறை செட்டில் இருப்பதில்லை. ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று தரையில் கிடக்கும். இல்லாவிட்டால் பீரோ உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

சரி, ஸ்டாண்டு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஜோடிக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்பதும் உண்டு. செட் வாங்கிய கடனே தீராதபோது அதற்கு எங்கே போவது? பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர் போன ஊர் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. இங்கே வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இரும்புக் குழாயும் ஒரு தகடும் இருந்தால் ஸ்டாண்டு ரெடி.

5.1 என்றால் என்ன?

முன்னால் இடது, வலது, நடு என்று 3 ஸ்பீக்கர். பக்கவாட்டில் அல்லது பின்னால் 2. ஆக 5. அந்தப் புள்ளி ஒன்று என்பது 'தொம் தொம்' சத்தம் மட்டும் கொடுக்கும் சப்-ஊபர். கமல்ஹாசன் நடித்த குருதிப்புனல் படம் 1995-ல் டால்பி ஸ்டீரியோ சரவுண்டு ஒலியோடு வந்தது. தியேட்டரில் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது என்று ஆட்கள் அளந்து மாட்டி விடுவார்கள். வீட்டில் அந்த வேலை நம் தலையில்.

காதுக்கு நேராக...

ஸ்பீக்கர் பாக்சில் மேலே சின்னதாக ஒன்று இருக்கும். அதன் பெயர் ட்வீட்டர். கீச்சு சத்தம், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை எல்லாம் அதில் இருந்துதான் வருகிறது. இந்தச் சத்தம் டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், அக்கம்பக்கம் அதிகம் பரவாது. ஆகவே ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் அந்தச் சத்தம் முழங்காலோடு நின்றுவிடும். கனமான சத்தம் மட்டும் மேலே வரும். வசனம் கொழகொழ என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் விற்கும் ஸ்டாண்டு சோபாவில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தது. நம் வீடுகளில் பாதிப் பேர் பாய் விரித்துத்தான் படம் பார்க்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் இருந்து காது வரை சுமார் மூன்றரை அடி. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரண்டரை அடிதான். வீட்டிலேயே டேப் வைத்து அளந்து விடுங்கள்.

அதில் பாக்சின் அடியில் இருந்து ட்வீட்டர் வரை உள்ள உயரத்தைக் கழிக்க வேண்டும். ட்வீட்டர் 7 அங்குல உயரத்தில் இருந்தால், நாற்காலிக்காரர்களுக்கு 3 அடி ஸ்டாண்டு. பாய்க்காரர்களுக்கு 2 அடி போதும். செலவும் மிச்சம், விழும் பயமும் குறைவு.

இடது, வலது ஸ்பீக்கர்களை எவ்வளவு தள்ளி வைப்பது? நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கட்டும்.

பட்டறையில் என்ன சொல்வது?

"ஒன்றரை அங்குல சதுரக் குழாய், 16 கேஜ், 3 அடி. அடியில் ஓரடிக்கு ஓரடி தகடு, 5 மில்லி கனம். மேலே அரையடிக்கு அரையடி தகடு, 3 மில்லி." இதைச் சொன்னால் போதும். கணக்குப் போட்டால் ஒரு ஸ்டாண்டுக்குச் சுமார் 6 கிலோ இரும்பு வரும். ஜோடிக்கு 12 கிலோ. இரும்பு விலை ஏறும், இறங்கும். கிலோ ரூ.80 என்று வைத்துக் கொண்டால் ஜோடிக்கு ரூ.960. வெட்டுகூலி, வெல்டிங் கூலி, பெயிண்ட் தனி. பழைய இரும்புக் கடையில் துண்டுத் தகடு கிடைத்தால் இன்னும் குறையும். கூலியை முன்கூட்டியே பேசி விடுவது நல்லது.

குழாயின் மேல் வாயை அடைப்பதற்கு முன் காய்ந்த மணலைக் கொட்டி நிரப்பச் சொல்லுங்கள். சுமார் 2 கிலோ பிடிக்கும். வெறும் குழாய் மணி மாதிரி 'கிண்' என்று அதிரும். மணல் அந்த அதிர்வை அமுக்கிவிடும். ஈர மணல் மட்டும் வேண்டாம். உள்ளே துரு ஏறிவிடும்.

மேல் தகட்டில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி நாலு மூலையிலும் ஒட்டினால் பாக்ஸ் வழுக்காது. அடியிலும் ரப்பர் வேண்டும். இல்லாவிட்டால் டைல்ஸ் கீறும்.

2 கிலோ இழுத்தால் சாயும்!

மேலே சொன்ன ஸ்டாண்டு மணலோடு சேர்த்து 8 கிலோ. அதன்மேல் 4 கிலோ பாக்ஸ் என்றால் மொத்தம் 12 கிலோ. கனமாகத்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் 3 அடி உயரத்தில் யாராவது பிடித்து இழுத்தால், வெறும் 2 கிலோ இழுப்பிலேயே சாயத் தொடங்கும். 12 கிலோவை அடித்தகட்டின் பாதி அளவான அரை அடியால் பெருக்கி, உயரமான 3 அடியால் வகுத்தால் வருவது இந்த 2. தவழ்கிற குழந்தை பிடித்து எழுந்து நிற்க இது போதும். 4 கிலோ பாக்ஸ் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடித்தகட்டை 16 அங்குலமாக அகலப்படுத்தினால் இந்த 2 கிலோ, 3 கிலோவைத் தாண்டும். அதுவும் போதாது. ஸ்டாண்டின் மேல்பகுதியில் ஒரு வளையம் வைத்து, சுவரில் ஒரு கொக்கி அடித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி விடுங்கள். பாக்சையும் ஸ்டாண்டோடு பட்டி போட்டுக் கட்ட வேண்டும். ஸ்டாண்டு நின்றாலும் பாக்ஸ் தனியாக விழலாம் அல்லவா! இதற்கு ஆகும் செலவு சொற்பம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் ஸ்டாண்டு வைக்கவே கூடாது.

வயரும் எமன்தான். தரையில் தொங்கும் வயர் காலில் மாட்டினால் பாக்ஸ் சேர்ந்தே வரும். குழாயின் பின்பக்கமாக டேக் போட்டுக் கட்டி, சுவர் ஓரமாகவே கொண்டு போக வேண்டும். சிவப்பு, கருப்பு வயரை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் சத்தம் சப்பென்று ஆகிவிடும். அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பின்னால் உள்ளது சுவரில்

பின் ஸ்பீக்கர்கள் காதுக்கு மேலே ஒன்றிரண்டு அடி இருந்தாலும் கெடுதல் இல்லை. நேர் பின்னால் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின் தள்ளி இருந்தால் போதும். அவ்வளவு உயரத்துக்கு ஸ்டாண்டு செய்தால் ஆட்டம் கண்டுவிடும். செட்டோடு வரும் குட்டி ஸ்பீக்கர் பல மாடல்களில் ஒரு கிலோகூட இருக்காது. ராவல் பிளக் அடித்துச் சுவரில் மாட்டி விடலாம். வாடகை வீடு, ஓனர் ஓட்டை போட விடமாட்டார் என்றால், செல்பு தட்டு, ஜன்னல் திண்டு எதிலாவது சரியாமல் பார்த்து வைக்கலாம்.

நடு ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டே வேண்டாம். வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. அதைப் போய் டி.வி. மேஜையின் உள் தட்டில் தள்ளி வைத்தால் வசனம் எப்படிக் கேட்கும்? தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து, காதைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போகலாம்.

காசே இல்லையா?

16 அங்குல ஹாலோ பிளாக் கல் ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பழைய சேலைத் துணி சுற்றி, மேலே பாக்சைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, சரியாதபடி கட்டி வைத்தால் பாய்க்காரர்களுக்கு அதுவே ஸ்டாண்டு. கல் நல்ல கனம் இருக்கும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல் அடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். லேசாக இடித்தாலே நகரும், சத்தத்துக்கு அதுவும் சேர்ந்து கடகடக்கும்.

சப்-ஊபர் தரையில்தான் இருக்க வேண்டும். மூலையில் தள்ளினால் 'தொம்' கூடும். லைன் வீடு என்றால் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் நம் வீட்டு வெளிச்சுவர் பக்கம் மாற்றி, அடியில் ரப்பர் மேட் போட வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் ஒலி அளவு என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பகலில் 55 டெசிபல்.