மீண்டும் மீண்டும் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஆலய முன்றலில் காய்ச்சல் பற்றிய கலந்துரையாடல் ஒன்றை நடத்தினோம். பேச வேண்டியதை நாம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டு போயிருந்தோம். ஆனால் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்வியோடு அந்தக் குறிப்பு ஒருபக்கம் போய்விட்டது. "பாதர், முதல் நாளே இரத்தம் எடுத்தவை. அடுத்த நாளும் எடுத்தவை. அதுக்கடுத்த நாளும் ஊசியோட வந்து நிக்கினம். இருக்கிற இரத்தத்தையும் எடுத்தால் மனிசன் எப்படி எழும்புறது?" சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் அப்போதுதான் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார்.

நடந்தது இதுதான். தை மாதம், அறுவடை தொடங்கும் நேரம். அவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் பட்டினத்தில் இரத்தம் சோதித்து, நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் முற்றாக விட்டுவிட்டது. வெட்டு மெசினுக்கு நாள் குறித்தாயிற்று, அதை விட்டால் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். வைத்தியர் மறித்தும் கேளாமல் கையெழுத்து வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். அன்று மாலை அவ்வழியாகப் போன நாமும் அவரைக் கண்டு, "காய்ச்சல் விட்டது ஆண்டவரின் கிருபை" என்று சொல்லி ஆசீர்வதித்துவிட்டுப் போனோம். உண்மையில் அவருடைய ஆபத்து அந்த நேரத்தில்தான் ஆரம்பித்திருந்தது. இரவு வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிட்டுப்போயிற்று. லான்ட்மாஸ்ரரில் ஏற்றிப் பிரதான வீதிவரை கொண்டுவந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து, இலவச அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்டபின் ஆபத்து எப்படி வரும்? இதை விளங்கிக்கொள்ள எமது உடலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் உண்டு. அதில் பாதிக்குச் சற்றுக் கூடியது நீர்ப்பகுதி. மிகுதியில் மிகப் பெரும்பங்கு செங்குருதிக் கலங்கள். அவற்றோடு நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களும், காயம்பட்டால் இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுக்களும் உண்டு. இந்தச் சிறுதட்டுக்களைத்தான் ஆஸ்பத்திரியில் பிளேற்லெற் என்கிறார்கள். சாதாரணமாக ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும்.

டெங்கு வைரசு உடலில் புகுந்தால் முதல் மூன்று நான்கு நாட்கள் கடும் காய்ச்சல். இக்காலத்தில் வெண்கலங்களும் சிறுதட்டுக்களும் குறைந்துகொண்டு போகும். பலருக்கு இதோடு நோய் தீர்ந்துவிடும். வேறு சிலருக்கோ, காய்ச்சல் தணிகின்ற அதே வேளையில் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. வயல் வரம்பில் நண்டு துளைத்த பொந்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மேலே பார்த்தால் வரம்பு முழுதாகத்தான் இருக்கும். தண்ணீர் கீழால் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதுபோல இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசிகிறது. குழாயில் எஞ்சும் இரத்தம் தடிக்கிறது, அளவு குறைகிறது, நாடி தளர்கிறது, கைகால் குளிர்கிறது, சிறுநீர் குறைகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரத்தில் அளவறிந்து சேலைன் ஏற்றினால் ஆள் தப்புவார். குறைய ஏற்றினாலும் ஆபத்து, கூட ஏற்றினாலும் ஆபத்து.

அந்த அளவை அறியத்தான் மீண்டும் மீண்டும் இரத்தம். சேற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் அடைய விட்டால் எவ்வளவு சேறு, எவ்வளவு தெளிநீர் என்று கண்ணாலே பார்க்கலாம் அல்லவா? அதே வேலையை ஆஸ்பத்திரியில் இரத்தத்துக்குச் செய்கிறார்கள். நூறு பங்கில் செங்கலம் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் எண்ணே பி.சி.வி. எமது விவசாயிக்கு முதல் நாள் அது 40. அவர் ஓடிவந்த இரவு 50. நீர் எங்கே போயிற்று என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிட்டன. தனி ஒரு எண் அதைச் சொல்லியிராது. இரத்தசோகையுள்ள ஒரு தாய்க்கு வழமையாக 35 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 42 வந்தால் பார்ப்பவர் "நல்ல இரத்தம்" என்று நினைக்கக்கூடும். ஆனால் அவருக்கு அது ஐந்திலொரு பங்கு ஏற்றம், கசிவின் அடையாளம். முதல் துண்டு கையில் இல்லாவிட்டால் இது எவருக்கும் பிடிபடாது.

இரத்தம் தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு சோதனைக்கு எடுப்பது 2 அல்லது 3 மில்லிலீற்றர், அதாவது அரைத் தேக்கரண்டி. பத்துமுறை எடுத்தாலும் ஒரு சிறு தேநீர்க் குவளையின் கால்வாசி வராது. இதைச் சொன்னபோதுதான் அந்தத் தாயின் முகம் சற்று இளகியது.

இன்னொரு துண்டும் உண்டு. டெங்கு உண்டா என நேரே பார்க்கும் என்.எஸ்.1 சோதனை. காய்ச்சலின் முதல் நாட்களிலேயே இது பயன்படும். இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லையென முடிவுகட்டக் கூடாது. பணம் கொடுத்து இதைச் செய்துவிட்டு, "டெங்கு இல்லையாம்" என்று ஆறுதலடைந்து, மூன்றாம் நாள் செய்யவேண்டிய சாதாரண இரத்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள் பலர். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றியும் கேட்டார்கள். அது கசிவை நிறுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதைக் குடித்துக்கொண்டு வீட்டிலே இருந்துவிடுவதுதான் எமது கவலை. குடிப்பதற்குக் கஞ்சி, இளநீர், ஜீவனி நல்லவை. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தி வந்தால் இரத்தமா என்று மயக்கம் தரும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு முன் அடுத்தது கூடாது. உடல் உளைவுக்கென்று கடையில் வாங்கும் டைக்குளோபினாக், புறூபன், அஸ்பிரின் எதையும் தொடவே வேண்டாம். இவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

இனி வயலுக்குள் இறங்குபவர்களின் காய்ச்சல். எலியின் சிறுநீரோடு வெளிவரும் பற்றீரியா சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, கால் வெடிப்பு, கீறல், கண், வாய் வழியே உட்புகும். அநேகமாக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் காணும். கண் சிவக்கும். கெண்டைக்கால் தொடமுடியாத நோ. பலர் மண்வெட்டி பிடித்த உளைவென்று எண்ணிப் பிந்திவிடுகிறார்கள். 2008 இல் இந்நாட்டில் 7,000 இற்கு மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலும் எலிக்காய்ச்சலே, உயிர்களும் போயின.

இதன் சோதனைத் துண்டு டெங்குவிலிருந்து வேறுபடும். டெங்குவில் வெண்கலம் குறையும், இதிலோ பெரும்பாலும் கூடும். சிறுநீரில் புரதமும் இரத்தக் கலங்களும் தெரியும். கிறியற்றினின் என்ற எண்ணையும் பார்ப்பார்கள். தசைகளில் உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அது இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்பது பொருள். ஈரல் தாக்கப்பட்டால் கண் மஞ்சளாகும். இந்நோய்க்கெனத் தனியே செய்யும் பிறபொருளெதிரிச் சோதனை முதற்கிழமையில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆதலால் வைத்தியர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார். "வயலுக்குள் நின்றனான்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவருக்கு எந்தத் துண்டைவிடவும் உதவும். சொல்லாமல் விட்டவர்களை நாம் அறிவோம். கேட்டால், "அவர் கேக்கேல்லையே" என்கிறார்கள்.

எமது முதியவர்களுக்குக் காய்ச்சலென்றால் மலேரியாதான் நினைவு. தொண்ணூறுகளில் வன்னியில் தரப்பாள் கொட்டில்களில் வாழ்ந்தவர்களைக் கேட்டால், யார் யாருக்கு எத்தனை தடவை குளிர்க்காய்ச்சல் வந்ததென்று இன்றும் விரல்விட்டு எண்ணுவார்கள். அந்நாளில் விரல்நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி பூசி, நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணியைத் தேடினார்கள். 2012 இன் பின் உள்ளூரில் தொடர்ந்து பரவவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. ஆயினும் நுளம்பு இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தார் என்பதைக் கட்டாயம் சொல்லி அந்தத் துளி இரத்தத்தையும் கொடுக்க வேண்டும்.

ஓடி ஓடி இருந்த எமது மக்கள் முதலில் இழந்தது கடதாசிகளையே. கிளினிக் கொப்பி, பழைய துண்டு, எல்லாம் மழையோடும் வழியோடும் போயின. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வைத்திருக்கும் பொலித்தீன் பையில் இத்துண்டுகளுக்கும் இடம் கொடுங்கள். திகதியும் காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பதும் அதில் எழுதியிருக்கட்டும். எழுதாவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள்.

பெரும்போக விதைப்புக்கு வயலில் இறங்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சலுக்கான டொக்சிசைக்கிளின் குளிசையைக் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டின் பின் நிறையத் தண்ணீரோடு. இலவசமாகவே தருவார்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் எடுக்கக் கூடாது.

அந்தத் தாயின் கணவர் பங்குனியில் வேலைக்குத் திரும்பினார். நெல் பத்து நாள் பிந்தித்தான் வெட்டுப்பட்டது, கொஞ்சம் கொட்டுண்டும் போயிற்று. அவருடைய துண்டுகள் அனைத்தும் இப்போது உறுதிப் பையில் இருக்கின்றன. நாம் போனபோது எடுத்துக் காட்டினார்.