நாற்காலியும் இரண்டாவது கையெழுத்தும்

சிதம்பரத்தை அடுத்த புவனகிரிப் பகுதியிலுள்ள தெற்குத்திட்டை ஊராட்சியில், 2019 டிசம்பர் தேர்தலில் வென்று தலைவரான பட்டியல் சாதிப் பெண் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, ஏனையோர் நாற்காலிகளில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாயிற்று. துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாகி, ஊராட்சிச் செயலரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சிதம்பரத்துக்கு அருகில், தீண்டாமையை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட நடுவண் அரசுக் குழுவுக்குத் தலைமை வகித்த இளையபெருமாளின் கடலூர் மாவட்டத்தில் இது நிகழ்ந்தது என்பது ஆழ்ந்த வேதனைக்குரியது.

எனினும் இதைச் சிலரின் மனக்கோணல் என்று மட்டும் கொள்வது போதாது. இடஒதுக்கீடு தலைவர் பதவிக்கு உண்டு. வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையிலோ இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே ஊரில் எண்ணிக்கையும் நிலமும் உடையோர் துணைத் தலைவர் பதவியைக் கைப்பற்றினால், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் போன்ற சிறு செலவைக்கூட அந்த இரண்டாவது கையெழுத்தைத் தராமலே முடக்கிவிட இயலும்; தலைவர் பணிந்துபோவதற்கு அச்சம் மட்டுமன்றி இந்த ஏற்பாடும் காரணமாகிறது.

இதற்கு மாற்று, இந்த இரட்டைக் கையெழுத்தை விதிக்கும் அதே 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபை, தலைவரின் தலைமையில் கூடி வரவுசெலவைக் கேட்டறியும் அவையாகும். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் 100 பேரேனும் வந்தால்தான் அது செல்லும். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே இடத்தில் அமர்ந்து, கையெழுத்து ஏன் நின்றது என்று கேட்கும்போது துணைத் தலைவரும் அனைவர் முன்னிலையிலும் விடை கூற நேரும். வருகைப் பதிவேட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்த அவையைக் கொல்கிறது.

ஆனால் இந்த மாற்று எங்கும் கிடைப்பதில்லை. இதே மாவட்டத்தின் நெல்லிக்குப்பம் போன்ற நகராட்சிகளில் கிராம சபை கிடையாது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளே 2022-இல்தான் வந்தன. கடலூர் மாவட்ட ஊராட்சிகளிலோ 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடத்தப்படாமல் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தரையில் அமர்த்தப்பட்டவருக்கு உரியதாயிருந்த அந்த நாற்காலியில் அப்போது அமர்ந்தவர் மக்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரி.