ஆசிரியராக விரும்பும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு

ஆண்டுதோறும் கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பங்குத்தந்தையர் இல்லங்களை நாடி வரும் பெற்றோர் பலர். மகளோ மகனோ பட்டப்படிப்பை முடித்துவிட்டார், இனி பி.எட். படிக்க வைத்துவிட்டால் ஆசிரியர் வேலை உறுதி. ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் பெற்றுத் தர இயலுமா என்பது அவர்களது வேண்டுகோள். சிலர் நகையை அடகு வைத்தும், சிலர் வட்டிக்குக் கடன் பெற்றும் கட்டணத்திற்கு வழி செய்திருப்பர். "எந்த வகுப்புக்குக் கற்பிக்க விரும்புகிறார்?" என்று வினவினால், "எந்த வகுப்பானாலும் சரிதான், சுவாமி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

பின்னாளில் வரும் துன்பங்களுக்கெல்லாம் இந்த விடையே வித்தாகிறது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு படிப்பும், உயர்நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க வேறொரு படிப்பும் சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. படிப்புக்கு மேல் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. இவற்றை அறியாமல் பணத்தையும் காலத்தையும் செலவிட்டபின் வருந்துவதைவிட, சேர்வதற்கு முன் சற்று நேரம் செலவிட்டு அறிந்துகொள்வது நன்றன்றோ?

பட்டம் பெற்றவருக்குப் பயிற்சி எதற்கு?

சென்னை மாகாணத்தில் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தரும் அரசு நிறுவனம் 1856-ஆம் ஆண்டில் தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பட்டதாரிகளுக்கான இப்பயிற்சி முதலில் எல்.டி. என்றும், பின்னர் பி.டி. என்றும், அதன்பின் பி.எட். என்றும் பெயர் பெற்றது. பட்டதாரி ஆசிரியரைப் 'பி.டி. உதவி ஆசிரியர்' என்று அழைக்கும் வழக்கம் அப்பழைய பெயரின் எச்சமேயாகும். பாளையங்கோட்டையில் 1950-இல் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும், 1957-இல் பெண்களுக்கெனத் தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. தென்மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் இக்கல்லூரிகளில் பயின்றோர் பணியாற்றியிருக்கின்றனர்.

பாடத்தில் பட்டம் பெற்றவருக்கு மேலும் பயிற்சி எதற்கு என்று கேட்போர் உளர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று ஆறாம் வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார். "எட்டில் ஒரு பங்கே பெரிது" என்கிறான் ஒரு மாணவன். கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவராயினும் பயிற்சி பெறாதவர், "தவறு, உட்கார்" என்று கூறிச் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பால் செல்லக்கூடும். அம்மாணவனோ தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளாமலே விடையை மனப்பாடம் செய்துகொள்வான்.

பயிற்சி பெற்றவர் முதலில் அவன் ஏன் அவ்வாறு எண்ணினான் என்று ஆராய்வார். ஒன்று, இரண்டு என எண்ணிப் பழகிய பிள்ளைக்கு எட்டு என்பது நான்கைவிடப் பெரிது. ஆகவே எட்டில் ஒரு பங்கும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவனது நியாயம். இதை உணர்ந்த ஆசிரியர் இரண்டு தாள்களை அவனிடம் தந்து, ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் மடிக்கச் செய்வார். பங்குகள் பெருகப் பெருக ஒவ்வொரு பங்கும் சிறுத்துப் போவதை அவன் கையே அவனுக்குக் கற்பித்துவிடும். பாடத்தை அறிவது ஒன்று. பிள்ளை அப்பாடத்தை எவ்வாறு அறிகிறது என்பதை அறிவது வேறொன்று. இந்த இரண்டாவது அறிவைத் தருவதற்காகவே பி.எட். ஏற்பட்டது.

ஈராண்டுப் பயிற்சியில் அடங்குவன

ஆசிரியர் கல்வியை நாடெங்கும் நெறிப்படுத்துவதற்காக 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கல்வியியல் கல்லூரிகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 2008-இல் தோன்றியது. நெடுங்காலம் ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்., 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி 2015-16 கல்வியாண்டிலிருந்து ஈராண்டுப் படிப்பாயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் அளித்த அறிக்கையில், பயிற்சிக் காலமும் ஆழமும் போதா என்று சுட்டிக்காட்டியது இம்மாற்றத்திற்கு ஒரு காரணம்.

அவ்விதிகளின்படி ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் கல்லூரி நடைபெற வேண்டும். உளவியலும் கற்பிக்கும் முறைகளும் வகுப்பறையில் பயிலப்படுகின்றன. பின்னர் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் பயிற்சி வருகிறது. வினா கேட்டல், விளக்குதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலரைக் கொண்ட சிறு குழுவுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டுவதே அது. குறைகளைப் பேராசிரியரும் தோழரும் எடுத்துரைக்க, மீண்டும் நடத்திக் காட்ட வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் பள்ளிக்கே சென்று, உண்மையான வகுப்பறையில், அனுபவம் மிக்க ஆசிரியரின் கண்காணிப்பில் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். இதற்குக் குறைந்தது 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம்.

எந்தப் படிப்பு, எந்த வகுப்பு?

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர்க்கு உரியது, மேல்நிலைக் கல்விக்குப்பின் பயிலும் ஈராண்டுத் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சியாகும். 2018-இல் தேசியக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, பி.எட். பட்டதாரிகளும் இவ்வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று வழி திறந்தது. பலர் அதை நம்பிப் பி.எட். சேர்ந்தனர். ஆனால் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வறிவிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிக்கலை. அதற்கெனப் பயின்றவரே அதற்குத் தகுதியுடையவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆகவே மழலையரிடம் பற்றுக்கொண்ட மகளைப் பி.எட். சேர்த்து, பின்னர் தொடக்கப் பள்ளியில் வேலை தேடுவது வீண் முயற்சியாக முடியும்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு, பள்ளிப் பாடம் ஒன்றில் இளங்கலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். இங்கே பாடத்தையும் கவனிக்க வேண்டும். வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களில் இளங்கலை மட்டும் முடித்தவர்க்குத் தமிழ்நாட்டில் பி.எட். சேர இடமில்லை, அவர்கள் முதுகலை முடித்தே வர வேண்டும். மேல்நிலைக் கல்வி முடித்தவுடனேயே கல்லூரிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்திற்கொள்வது நலம்.

நான்காண்டுகளில் பட்டத்தையும் பி.எட். பட்டத்தையும் ஒருங்கே பெறும் முறையும் உண்டு. மைசூரில் 1963-இல் தொடங்கப்பட்ட வட்டாரக் கல்வியியல் கல்லூரி அதற்கு முன்னோடி. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் இந்நான்காண்டுப் படிப்பே ஆசிரியருக்குரிய குறைந்த அளவுத் தகுதியாக வேண்டும் எனக் கூறுகிறது. முதுகலைப் பட்டதாரிகளுக்கும் நான்காண்டு இளங்கலை முடித்தவர்க்கும் ஓராண்டு பி.எட். படிப்பை முன்மொழியும் வரைவு விதிகளும் 2025-இல் வெளியாயின. எனவே, அண்ணன் படித்தபோது இருந்த விதியைத் தங்கைக்கும் பொருத்திப் பார்ப்பது தகாது. சேரும் ஆண்டின் விதியையே கேட்டறிய வேண்டும்.

பட்டத்திற்கு அப்பால் ஒரு தேர்வு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு. இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போர்க்கு. மொத்தம் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 90 பெற வேண்டும். ஏனைய பிரிவினர்க்கு அரசு சலுகை அளித்துள்ளது. தேர்ச்சிச் சான்றிதழ் ஏழாண்டுகளுக்கே செல்லும் என்றிருந்த விதி 2021-இல் மாற்றப்பட்டு, வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாயிற்று.

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 சூலையில் நடந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேர்ச்சி பெற்றவர் 2,448 பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. கேள்விகள் கடினம், நேரம் போதவில்லை என்ற குறைகூறல்களில் உண்மை இருந்திருக்கலாம். பின்னர் நேரமும் நீட்டிக்கப்பட்டது. ஆயினும், பட்டச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பதும் கற்பிக்கும் தகுதியைப் பெற்றிருப்பதும் ஒன்றல்ல என்பதை அன்று பல குடும்பங்கள் கண்ணீரோடு உணர்ந்தன. தகுதித் தேர்வில் வென்றாலும் அரசுப் பணி உடனே கைகூடுவதில்லை. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும் என 2018-இல் அரசாணை வந்தது. முதுகலை ஆசிரியர்க்குத் தகுதித் தேர்வு இல்லை; எனினும் அவர்களுக்கும் வாரியத்தின் போட்டித் தேர்வு உண்டு.

பணியிலிருப்போரையும் இவ்விவகாரம் விட்டுவைக்கவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், சட்டம் வருவதற்கு முன்பே நியமனம் பெற்றவராயினும், ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் பணியில் தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமாயின் அவர்களும் தேற வேண்டும். நமது பள்ளிகள் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை அத்தீர்ப்பு மேலும் பல நீதிபதிகள் கொண்ட அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. இருபது ஆண்டு கற்பித்தவரை மீண்டும் தேர்வறைக்கு அனுப்புவது முறையா என்ற வேதனை நியாயமானதே. ஆயினும், சிறுபான்மை உரிமை என்பது தகுதி குறைந்த ஆசிரியரை நியமிக்கும் உரிமையன்று என்பதை நம் பள்ளி நிர்வாகிகள் மறத்தலாகாது. விதி கட்டாயப்படுத்தாவிடினும், தகுதி பெற்றவரைத் தேர்ந்தெடுத்து அவருக்குரிய ஊதியத்தை வழங்குவது நம் கடமை.

கல்லூரிக்கு வராமலே பட்டமா?

இனிக் கூற வேண்டியது சற்றுக் கசப்பானது. "நாள்தோறும் வரத் தேவையில்லை, கட்டணத்தோடு சிறிது கூடுதலாகச் செலுத்தினால் வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று அழைக்கும் இடங்களும் உள்ளன. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டமும் பெறலாம் என்று மகிழ்ந்து சேர்வோரும் உள்ளனர்.

அன்பார்ந்த பெற்றோரே, இதை எண்ணிப் பாருங்கள். ஒரு நோயாளியையும் தொட்டுப் பாராமல் மருத்துவப் பட்டம் பெற்றவரிடம் உங்கள் குழந்தையை அழைத்துச் செல்வீர்களா? ஒரு நாளும் வகுப்பறையில் நில்லாமல் ஆசிரியப் பட்டம் பெற்றவரிடம் நாற்பது குழந்தைகளை ஒப்படைப்பது அதனினும் வேறானதா? வராத நாளுக்கு வந்ததாகக் கையொப்பமிடுவது பொய். நேர்மையைக் கற்பிக்க வேண்டியவர் தம் பணியைப் பொய்யில் தொடங்கலாமா? மேலும் இதனால் வரும் நட்டமும் தப்பாது. தகுதித் தேர்விலும் போட்டித் தேர்விலும் அந்த வெறுமை வெளிப்பட்டே தீரும். கடன் மட்டும் எஞ்சும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

கட்டணம் செலுத்துமுன் சில வினாக்களுக்கு விடை தேடுங்கள். பிள்ளை எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறார்? அதற்குரிய படிப்பு இதுதானா? அவர் பெற்ற இளங்கலைப் பட்டம் பள்ளிப் பாடத்திற்குப் பொருந்துகிறதா? கல்லூரிக்குத் தேசியக் குழுமத்தின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் இவ்வாண்டு உள்ளனவா? பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர்? நூலகத்தையும் வகுப்பறைகளையும் ஒரு வேலை நாளில் நேரில் சென்று பாருங்கள். மாணவர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்களா என்பது ஒன்றே பல செய்திகளைக் கூறிவிடும். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் கட்டணம் குறைவு. ஆகவே முதலில் அவற்றுக்கே விண்ணப்பியுங்கள்.

இவற்றோடு பிள்ளையிடம் தனித்துக் கேட்க வேண்டிய வினாவும் ஒன்றுண்டு. "உனக்குக் கற்பிக்க விருப்பமா, அல்லது வேறு வழியில்லை என்பதால் இதில் சேர்கிறாயா?" என்று கேளுங்கள். விருப்பமில்லையெனில் வேறு வழியைத் தேட உதவுங்கள், அதில் இழிவில்லை. விருப்பமுண்டு என்றால் தயங்காமல் அனுப்புங்கள். ஈராண்டும் தவறாது கல்லூரிக்குச் சென்று, பள்ளிப் பயிற்சியின் ஒவ்வொரு நாளையும் பயன்படுத்தி, தகுதித் தேர்வுக்கு முதலாண்டிலிருந்தே படித்து வரச் சொல்லுங்கள். வேலை விரைந்தும் வரலாம், தாமதித்தும் வரலாம். எப்போது வந்தாலும், வகுப்பறையில் எழுந்து நின்று தவறான விடை சொல்லும் அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லாமல், அவன் கையில் தாளைக் கொடுத்து மடிக்கச் செய்யும் ஆசிரியராக அவர் நுழைய வேண்டும்.