காரணம் கூறாத கண்டனம்

பழைய ஏதென்ஸ் நகரத்தில் விசித்திரமான ஒரு வழக்கம் இருந்தது. நகரத்தில் இருக்கத் தகாதவன் என்று தாம் கருதும் ஒருவனுடைய பெயரை ஜனங்கள் ஓட்டுச் சில்லில் கீறிப் போடுவார்கள். போதிய சில்லுகள் சேர்ந்தால், எவன் பெயர் மிகுந்திருக்கிறதோ அவன் பத்து ஆண்டுகள் நகரத்தை விட்டு நீங்கவேண்டும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, எதிர்வாதத்துக்கும் இடமில்லை. நீதிமான் என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸே கி.மு. 482-ல் இவ்விதம் வெளியேற்றப்பட்டார்.

அந்தச் சில்லு இன்று வேறு உருவத்தில் நம் கைக்கு வந்திருக்கிறது. இணையத்தில் நடைபெறும் விவாதங்களில் கருத்துக்களின் அருகே காணப்படும் எதிர்வாக்குப் பொத்தானே அது. 2005-ல் தோன்றிய ரெட்டிட் முதலிய மேடைகளில், எதிர்வாக்கு மிகுந்த கருத்து கீழே தள்ளப்பட்டு, படிப்போர் கண்ணில் எளிதில் படாதவாறு மடித்து வைக்கப்படுகிறது. வாக்கிட்டவர் யார்? தெரியாது. பிழை என்ன? அதுவும் தெரியாது.

கண்டனத்தைக் கண்டவன் திருந்துவான் என்பது இதை ஆதரிப்போர் கூறும் நியாயம். அனுபவமோ வேறு விதமாக இருக்கிறது. செங், டனெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், லெஸ்கோவெக் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், நான்கு பெரிய செய்தித் தளங்களில் வாசகர் எழுதிய கருத்துக்களை ஆராய்ந்து, 2014-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்வாக்குப் பெற்றவர்கள் அடங்கிப் போகவில்லை. முன்னிலும் அதிகமாக எழுதினர். எழுத்தின் தரம் தாழ்ந்தது. அம்மட்டோ? பிறர் கருத்துக்களுக்கு எதிர்வாக்கு இடுவதிலும் அவர்கள் முனைந்தனர். ஒருவரிடம் தோன்றிய கசப்பு இவ்வாறு சபையெங்கும் பரவிற்று.

அப்படியானால் பொய்யையும் வசையையும் தடுப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. குப்பையை ஒதுக்க ஜனங்கள் கையில் ஒரு துடைப்பம் வேண்டும். ஆனால் துடைப்பமே தடியாகிவிடும் ஆபத்தை மேடை நடத்துவோரும் உணர்ந்திருக்கின்றனர். 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பிறர் அளித்த விடைக்கு எதிர்வாக்கு இடுபவர் தம் மதிப்பெண்ணில் ஒன்றை இழக்கவேண்டும். கூட்டம் சேர்ந்து தாக்குவதைக் குறைக்கும் பொருட்டு, யூடியூப் 2021 நவம்பரில் எதிர்வாக்கு எண்ணிக்கையைப் பொதுஜனங்களின் பார்வையிலிருந்து நீக்கிற்று. பொத்தான் மட்டும் இருக்கிறது.

பெரும்பான்மையோர் தீர்ப்புக்கு ஜனநாயகத்தில் இடமுண்டு. அத் தீர்ப்புக்கு முன் வாதம் நடைபெறவேண்டும் என்பதும் ஜனநாயகத்தின் விதியே. இன்று பத்துப் பேர் மட்டும் கொண்டிருக்கும் அபிப்பிராயம் நாளை தேசத்தின் அபிப்பிராயம் ஆகலாம். அதை மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கட்டும். காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும். விரலை அசைப்பது எளிது. நான்கு வரியில் பதில் எழுதுவது சற்றுச் சிரமந்தான். பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அந்தச் சிரமத்தை மேற்கொள்ளத் தயங்கலாகாது.