குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தனி ஆம்புட்ஸ்மேன்: கனடா மசோதா கேட்டது என்ன?

உங்கள் வங்கிக் கணக்கில் தவறாகப் பணம் பிடித்துவிட்டார்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் தீர்வு இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சரி, உங்களைத் தாக்கியவர் பரோலில் வெளியே வந்துவிட்டார். அதை யாருமே உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போ யாரிடம் போவீர்கள்?

கனடாவில் என்ன வழி?

இதற்காகவே 2007ல் கனடா மத்திய அரசு ஒரு ஆம்புட்ஸ்மேன் பதவியை உருவாக்கியது. குற்றவாளியைத் தண்டிப்பது இவர் வேலை இல்லை. மத்திய சிறைத்துறையோ பரோல் வாரியமோ பாதிக்கப்பட்டவரைச் சரியாக நடத்தவில்லை என்றால், விசாரித்துப் பரிந்துரை செய்வார். அங்கே பரோல் தகவல் தானாக வீடு தேடி வராது. பாதிக்கப்பட்டவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

2015ல் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டமும் வந்தது. ஆனால், உரிமை மீறப்பட்டது என்பதற்காக அந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. புகார்தான் கொடுக்கலாம். அதனால்தான் புகாரைக் கேட்பவர் யார் என்பது முக்கியம்.

சிக்கல் எங்கே?

இந்தப் பதவி சட்டத்தால் வந்ததல்ல, அரசு ஆணையால் வந்தது. ஆம்புட்ஸ்மேன் பதில் சொல்ல வேண்டியது நீதித்துறை அமைச்சருக்கு. ஆனால், கைதிகளின் புகாரை விசாரிக்கும் அதிகாரிக்கு 1992 முதல் சட்டத்திலேயே இடம் உண்டு.

இது வெறும் காகித வித்தியாசம்தானே என்று தோன்றலாம். இல்லை. 2017 கடைசியில் ஆம்புட்ஸ்மேன் ஓய்வு பெற்றார். அடுத்தவர் பொறுப்பேற்றது 2018 அக்டோபரில். 2021ல் மறுபடி பதவி காலியானது. அப்போதும் சுமார் ஒரு வருடம் நாற்காலி காலிதான்.

மசோதா என்ன சொன்னது?

2017ல் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் எம்.பி. சில்வி பூஷே, சி-343 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பதவியைச் சட்டத்தில் எழுத வேண்டும், நீதித்துறை அமைச்சகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அது சட்டமாகவில்லை.

சட்டமாகியிருந்தாலும் எல்லாம் தீர்ந்திருக்காது. கனடாவில் பெரும்பாலான போலீஸ், நீதிமன்ற நிர்வாகம் மாகாணங்களின் கையில் இருக்கிறது. மத்திய ஆம்புட்ஸ்மேனின் கை அவ்வளவு தூரம் நீளாது.

இந்தியாவில்?

2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193வது பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 396வது பிரிவு இழப்பீட்டுத் திட்டம் பற்றியது. சொல்லவில்லை, கொடுக்கவில்லை என்றால்? மனித உரிமை ஆணையம், நீதிமன்றம் என்று கதவுகள் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கென்றே தேசிய அளவில் தனி ஆம்புட்ஸ்மேன் இல்லை.

நாளைக்கு இங்கேயும் அப்படி ஒரு மசோதா வந்தால், மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள். நியமிப்பது யார்? அறிக்கை போவது அமைச்சருக்கா, நாடாளுமன்றத்துக்கா? பதவி காலியானால் எத்தனை நாளில் நிரப்ப வேண்டும்? 'சுதந்திரமான' என்ற சொல்லுக்கு அர்த்தம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.