விளக்கின் கைப்பிடியும் சேலைன் போத்தலும்

தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேரின் மூளையை மெலியோய்டோசிஸ் என்ற கிருமித்தொற்று தாக்கியது. 8 பேர் இறந்தார்கள். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த நோயாளர்களைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு, காரணத்தைத் தேடிப் போய் ஒரு சேலைன் போத்தலில் நின்றது. கிருமி நீக்காத கருவியால் அதைத் திறந்து, போத்தலின் வாயில் பஞ்சைச் செருகி, மிச்சத்தை அடுத்தவருக்கும் பாவித்திருக்கிறார்கள். கிருமியோ சேற்றிலும் ஈரமண்ணிலும் வாழ்வது. இலங்கையிலும் இந்நோய் பதிவாகியிருக்கிறது. மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவை அண்டி வயல் செய்யும் மூதூருக்கு இது அயலூர்க் கதையல்ல.

பல் கதிரையில் சாய்ந்ததும் நாம் பயத்தோடு பார்ப்பது ஊசியையும் குறட்டையும்தான். அவற்றுக்காவது ஒட்டோகிளேவ் இருக்கிறது. 134 பாகை நீராவி சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். விளக்கின் கைப்பிடி, கதிரையின் சுவிட்ச், லாச்சியின் பிடி, மருந்துப் போத்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் அதற்குள் வைக்க முடியாது. வாய்க்குள் இருந்த கையுறை நேரே போய்த் தொடுவதும் இவற்றைத்தான். கருவி எத்தனை சுத்தமாக இருந்தாலும், தொடும் இடம் அழுக்கென்றால் அடுத்தவரின் வாய்க்குக் கிருமி போக வழி திறந்தே கிடக்கிறது.

வாணியம்பாடியில் நடந்தது அபூர்வம்தானே என்று கேட்கலாம். அந்த நோய் அபூர்வமாக இருக்கலாம், கிருமி நீக்காததை அடுத்தவருக்கும் பாவிக்கும் பழக்கம் அப்படியல்ல. ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். மருந்து தெளித்துத் துடைக்கிறோமே என்பது இன்னொரு பதில். தெளித்த கையோடு துடைத்தால் மிஞ்சுவது மணம் மட்டுமே. எச்சிலும் இரத்தமும் குளோரின் மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும் என்பதால் முதலில் அழுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு மருந்தைப் பூசி, லேபிளில் சொன்ன நேரம் முழுக்க ஈரமாகவே விட வேண்டும்.

வெளியே வரிசை நிற்கையில் இதற்கெல்லாம் நேரமேது என்பதுதான் நியாயமான முறைப்பாடு. அதற்குத்தான் மெல்லிய பிளாஸ்டிக் உறை. கைப்பிடியிலும் சுவிட்சிலும் சுற்றிவிட்டு, நோயாளர் எழுந்ததும் கழற்றி எறிந்து புதிதைச் சுற்றலாம். குப்பை கூடும், உண்மைதான். இன்னொரு வழியும் உண்டு. தேவையான பஞ்சையும் மருந்தையும் முன்கூட்டியே தட்டில் எடுத்து வைத்துவிட்டால், இடையில் லாச்சியைத் திறக்கவே வேண்டியதில்லை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.