முன்பணமும் வாக்கும்

ஆர்.கே. நகர் என வழங்கும் டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியில், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 12ந் தேதி நடக்கவிருந்த இடைத்தேர்தல், மூன்று நாள் முன்னதாக 9ந் தேதி இரவு தேர்தல் கமிஷனால் ரத்துச் செய்யப்பட்டது. அங்கத்தினர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். அந்த வாரம் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு மகளிர் சிக்கன நாணயச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். பேரேட்டை மூடிய பிறகு, வயதில் மூத்த அங்கத்தினரான ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

“சாமி படத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணி வாங்கினது சார். இப்போ தேர்தலே நின்னுபோச்சு. பணமும் செலவாயிப் போச்சு. அந்தக் கடன் என்னா ஆவும்?”

எந்தக் கட்சியார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. எது கடன், எது கடன் அல்ல என்று பார்ப்பதே நம்முடைய உத்தியோகம். ஆகவே கேள்வி உரிய இடத்திற்குத்தான் வந்தது. ஆனால் அன்று நாம் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். அது அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சரியான விடையை இப்போதாவது எழுதிப் பார்க்கிறோம்.

நடந்தது என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ந் தேதி காலமானதால் அத்தொகுதி காலியாயிற்று. பிரசாரம் முற்றியிருந்த சமயத்தில், ஏப்ரல் 7ந் தேதி, மாநில அமைச்சர் ஒருவரின் வீடு முதலிய இடங்களில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தினர். அங்கே கிடைத்ததாகச் சொல்லப்பட்ட தாள்களில், வாக்குக்கு 4,000 ரூபாய் வீதம் சுமார் 89 கோடி ரூபாய்க்குக் கணக்கு இருந்ததாகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அன்று சட்டசபைத் தொகுதியில் ஓர் அபேட்சகர் செலவிடச் சட்டம் அனுமதித்த தொகை 28 லட்சம்தான். அந்தத் தாள்களைப் பற்றிப் பதிவான வழக்கு 2018இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. ஆகையால் அந்த எழுத்து யாருடையது என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை.

கமிஷனின் உத்தரவில் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பணத்தை நேரில் கொடுப்பது பழைய முறையாகிவிட்டது என்றும், டோக்கன், செல்போன் ரீசார்ஜ் கூப்பன், பத்திரிகைச் சந்தா, பால் டோக்கன், வங்கிக் கணக்கில் பணம் செலுத்துதல் எனப் புதுப்புது வழிகள் வந்துவிட்டன என்றும் கமிஷன் விவரித்திருந்தது. பால் டோக்கனைக் கூட விடவில்லை! கணக்குப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழாமல் இராது. இப்படிச் செலவான தொகையைப் பின்னர் எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்கள்? சாலையிலா, கால்வாயிலா, பள்ளிக்கூடக் கட்டிடத்திலா?

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். வாக்காளர் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது; அந்நாளில் பலரும் ஏசினார்கள். நாம் கண்டது வேறு. அந்த அம்மையாரை உறுத்தியது பேராசை அன்று, நாணயம். கை நீட்டி வாங்கியவன் சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்பது நெசவாளிக்கும் விவசாயிக்கும் இரத்தத்தில் ஊறிய வழக்கம். அந்த நல்ல வழக்கத்தின் மீதுதான் இந்த வியாபாரம் நடக்கிறது. வாங்குபவர் ஏமாற்றுக்காரராக இருந்தால் ஒரு ரூபாய் கூட எவரும் கொடுக்கமாட்டார்.

முன்பணம் என்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் விளைச்சலை அந்த மண்டிக்கே கொண்டுபோக வேண்டும். விலையும் அவர் வைத்ததே. நூலும் முன்பணமும் கொடுத்த முதலாளிக்கே தறிக்காரர் சேலையைக் கொடுக்க வேண்டும். திருவொற்றியூரில் இன்று காலடிப்பேட்டை எனப்படும் ஊர், 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட்பேட்டைதான். அக்காலத்தில் கம்பெனியின் பணம் வியாபாரிகள் கை வழியாக முன்பணமாகத் தறிக்கு வந்தது. துணி கம்பெனிக்குப் போயிற்று. முன்பணம் வாங்கிய நாளிலேயே, பாவு ஓடுவதற்கு முன்பே, துணியின் மீது நெசவாளிக்கு இருந்த உரிமை போய்விடும். இந்தக் கட்டிலிருந்து விடுபடத்தானே நம் சங்கங்கள் ஏற்பட்டன.

வாக்குக்குக் கொடுக்கும் பணம் இந்த முன்பணத்தைப் போல வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. ஆனால் முன்பணத்துக்கு எதிரே ஒரு பண்டம் உண்டு. அது வாங்கியவருக்குச் சொந்தமானது. வாக்கு நமக்குச் சொந்தமான பண்டம் அன்று. அண்டை வீட்டாரின் குடிதண்ணீர், எதிர் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் அடங்கியுள்ளன. பிறர் பொருளுக்கு ஒருவர் முன்பணம் வாங்கினால் அது எப்படிச் செல்லும்? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த உடன்பாடு செல்லாது என்கிறது. தவறான காரியத்துக்கு வாங்கிய சத்தியத்துக்கும் இதைவிட அதிக பலம் இருக்க முடியாது. சாமி படத்தைக் கொண்டுவந்து நீட்டியவரே அபசாரம் செய்தவர்.

அப்படியானால் வாங்கிக்கொண்டு விருப்பம் போல் வாக்களிக்கலாமே என்று சிலர் மேடையிலேயே உபதேசிக்கிறார்கள். இதை நாம் ஒப்பவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 170ஆவது பிரிவில் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை உண்டு. அதற்கு முந்திய தண்டனைச் சட்டமும் அதையே சொல்லிற்று. வாங்காதிருப்பதே சரி. ஆனால் கஷ்டத்தில் வாங்கிவிட்டவர், வாங்கிய பிழையோடு விற்ற பிழையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை.

அத்தொகுதியில் தேர்தல் மறுபடியும் 2017 டிசம்பர் 21ந் தேதி நடந்தது. சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இருபது ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, பிறகு அதைக் காட்டினால் பெருந்தொகை தருவதாகச் சொன்னார்கள் என்று அப்போது பெரும் புகார் கிளம்பிற்று. வென்ற தரப்பு அதை மறுத்தது. உண்மை எதுவாயினும், அம்முறை கெட்டிக்காரத்தனமானது. முன்பணத்தில் வாக்காளர் கடன்காரர். இதிலோ அவர் கடன் கொடுத்தவர் ஆகிறார். கையில் இருப்பதோ எந்தக் கோர்ட்டிலும் காட்ட முடியாத புரோநோட்டு!

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்” என்று தெருவில் மிரட்டுவது உண்டு. வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாவதால், ஒரு வட்டாரத்தின் போக்கு தெரியத்தான் செய்கிறது. தனி ஆளின் வாக்கு தெரியாது. ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, முத்திரையிட்ட பெட்டிக்குள் விழுந்துவிடும். எவர் கைக்கும் வராது. யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்டு விடை சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவு கூறுகிறது.

நம் சங்கத் தேர்தல்களில் இந்தப் பாதுகாப்பு இன்னும் மெல்லியது. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. அந்த மட்டில் பெருமைதான். ஆனால் இருநூறு பேர் உள்ள சங்கத்தில் எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். தவணை தப்பியவரின் பாக்கியை அபேட்சகரே கட்டிவிடுவதையும், வாக்குப் பதிவு அன்று வண்டி வைத்து அழைத்துவந்து டிபன் வாங்கிக் கொடுப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். கேட்டால், “உதவிதானே சார்” என்பார்கள். பாக்கி கட்டிய ரசீதில் வேறொருவர் கையெழுத்து இருந்தால், நிர்வாகக் குழுவினர் அது ஏன் என்று கேட்க வேண்டும். வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் மறைவிடத்தை அபேட்சகர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே வைக்கக்கூடாது. ஓரிடத்தில் அப்படி வைத்திருந்தார்கள். நாம் சொன்ன பிறகே மேஜையைத் திருப்பினார்கள்.

டிசம்பர் வாக்குப் பதிவுக்கு முந்திய வாரம் அதே மகளிர் சங்கத்துக்கு மறுபடியும் போக நேர்ந்தது. அம்மையாரிடம் இம்முறை பிரிவு எண் எதுவும் சொல்லவில்லை. மண்டி முன்பணத்தையும் தறி முன்பணத்தையும் சொல்லி, “பிறத்தியார் பொருளுக்கு நீங்கள் வாங்கிய பணம், அம்மா. கொடுத்தவர் கேட்க முடியாது, நீங்கள் கட்ட வேண்டிய கடனும் அல்ல” என்றோம். சற்று நேரம் பாஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நான் யாருக்கும் பாக்கி இல்ல” என்றார்.

ஜனவரியில் தவணை கட்ட வந்தபோது விரலில் மை மங்கியிருந்தது. யாருக்கு என்று நாம் கேட்கவில்லை.